அப்டேட்டுக்கு என்று ஒரு சர்வர் வாங்கலாமா?

வந்த கேள்வி இதுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு நிறுவனம். நிர்வாக வேலை, கணினி வேலை இரண்டையும் ஒருவரே பார்க்கிறார். இரண்டு ஆண்டுக்கு முன் 14 கணினிகள் இருந்தன. மேல்மாடியையும் வாடகைக்கு எடுத்த பிறகு இப்போது 48. அதில் 6 மேக், மற்ற 42 விண்டோஸ் 11. 300 எம்.பி.பி.எஸ். ஃபைபர் லைன் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் எடுத்த இரண்டாவது லைன் ஒன்று. ரவுட்டர் இரண்டிலும் சுமையைப் பங்கிடுகிறது. பட்டர்வொர்த்தில் 6 கணினிகளோடு ஒரு கிளை. மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும், காலையிலிருந்து மதியம் வரை இணையம் படுத்துவிடுகிறது. "அப்டேட்டை ஒரே தடவை இறக்கி, உள்ளேயே எல்லாருக்கும் கொடுக்க ஒரு சர்வர் வையுங்கள்" என்கிறார் கணினி விற்பவர். வைக்கலாமா?

வேண்டாம். பின்னால் ஒருநாள் தேவைப்படலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இந்தக் காரணத்துக்காகத் தேவைப்படாது. அவர் சர்வரில் விற்க நினைக்கும் வேலையை உங்கள் 42 விண்டோஸ் கணினிகளும் ஏற்கெனவே செய்யத் தெரிந்தவைதான். உங்கள் ஆபிஸில் மட்டும் அது நடக்காமல் இருக்கிறது. ஏன் நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் ஊகம். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் புதன்கிழமை. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது புதன்கிழமை அதிகாலை 1 மணி; அங்கே குளிர்காலம் என்றால் 2 மணி. அந்த நேரத்தில் உங்கள் ஆபிஸில் எல்லாம் அணைந்து கிடக்கும். 9 மணிக்கு எல்லாரும் வந்து, பையை வைத்து, லேப்டாப்பைத் திறக்கிறார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் கணிசமான கணினிகள் ஒரே பொருளைக் கேட்டு ஒரே வாசலில் போய் நிற்கின்றன. (காலண்டரில் குறித்து வைக்கும்போது "இரண்டாவது புதன்" என்று குறிக்காதீர்கள். மாதம் புதன்கிழமை பிறந்தால் அது மூன்றாவது புதனாகிவிடும். நான் அப்படி ஏமாந்திருக்கிறேன்.)

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கணினிக்கு அந்த மாதம் 700 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். 42 கணினிக்கு ஏறக்குறைய 30 ஜி.பி. 300 எம்.பி.பி.எஸ். லைன் நொடிக்கு 37.5 எம்.பி. இழுக்கும். ஆக, முழு லைனையும் அப்டேட்டுக்கே விட்டுக் கொடுத்தாலும் 13 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். உங்களுக்கோ மதியம் வரை இழுக்கிறது. அப்படியென்றால் அன்று காலை ஓடுவது விண்டோஸ் அப்டேட் மட்டும் அல்ல. அல்லது குறுகலான இடம் லைன் இல்லை, உங்கள் வைஃபை. பெரும்பாலும் இரண்டும். மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளின் பாதுகாப்பு அப்டேட்டும் அதே செவ்வாயில்தான் வருகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் சர்வர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் வந்தது, புதன்கிழமை மாறவில்லை.

அந்தச் சர்வர் செய்யப்போகும் வேலைக்குப் பெயர் கேஷ். அதைப் பற்றி இரண்டு வரி. ஒரு தடவை இறக்கிய பொருளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஒரு தவுக்கேயிடம் (முதலாளியிடம்) "கேஷ் வைக்க வேண்டும் பாஸ்" என்று நான் சொன்னதும் அவர் கல்லாப் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து "பக்கத்துச் சேமிப்பு" என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

விண்டோஸில் இந்தப் பக்கத்துச் சேமிப்பு, விண்டோஸ் 10-இன் 1511 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. பெயர் டெலிவரி ஆப்டிமைசேஷன். ஒரு கணினி அப்டேட்டைத் துண்டு துண்டாக இறக்கும். இதே துண்டுகள் பக்கத்தில் யாரிடம் இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்டின் சேவையைக் கேட்கும். பெயர்ப் பட்டியல் வந்ததும், அந்தக் கணினிகளிடம் நேரடியாக, 7680 என்ற டி.சி.பி. போர்ட்டில் (கணினியின் ஒரு நெட்வொர்க் வாசல்), ஆபிஸுக்குள்ளேயே துண்டுகளை வாங்கிக்கொள்ளும். புரோ பதிப்பில் இது இயல்பாகவே உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்திருக்கும். ஆபிஸ் செயலிகளின் அப்டேட்டும் ஸ்டோர் செயலிகளும்கூட இதே வழியில் வரும்.

"பக்கத்து மேசைக் கணினியில் வைரஸ் இருந்தால்?" என்று உங்கள் முதலாளி கேட்பார். எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் மைக்ரோசாஃப்ட் கொடுத்த கைரேகையோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது; ஒத்துவராத துண்டு குப்பைக்குப் போகும். யாரிடமிருந்து வந்தது என்பது முக்கியமில்லை, வந்தது சரியானதா என்பதுதான் கேள்வி.

சரி, உங்களிடம் ஏன் நடக்கவில்லை? அந்தச் சேவை "பக்கத்தில் இருப்பவர்" என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? ஒரே பொது ஐ.பி. முகவரியோடு (வெளியே தெரியும் லைனின் எண்) வெளியே வருபவர்களை. உங்களுக்கு இரண்டு லைன். ரவுட்டர் சில கணினிகளை இந்த லைனில் அனுப்புகிறது, சிலவற்றை அந்த லைனில். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கணினிகள், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வெவ்வேறு வீட்டுக்காரர்கள். அதுவும் போதாதென்று, ரவுட்டர் அவ்வப்போது ஆளை மாற்றிப் போடும். காப்பு லைன் சும்மா கிடந்தால் நஷ்டம் என்று சுமையைப் பங்கிட வைத்த அன்றைக்கே இந்தப் பகிர்வின் கால் உடைந்திருக்கும். கணினி எண்ணிக்கை 14-ஆக இருந்தபோது அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஏதாவது ஐந்து கணினிகளில் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன், ஆக்டிவிட்டி மானிட்டர் என்று போங்கள். இந்த மாதம் எவ்வளவு மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது, எவ்வளவு உள் நெட்வொர்க்கிலிருந்து வந்தது என்று அங்கே காட்டும். உள் நெட்வொர்க் எண் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் நான் சொன்னது சரி. அதே பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், "உள் நெட்வொர்க்கும் இணையமும்" என்ற தேர்வு எதிலாவது போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அந்தக் கணினி முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்டேட் ஊட்டிக்கொண்டிருக்கும், உங்கள் அப்லோடில். உடனே மாற்றுங்கள்.

மருந்து இது. டெலிவரி ஆப்டிமைசேஷனுக்கான குழுக் கொள்கையில் (குரூப் பாலிசி, விண்டோஸ் அமைப்புகளை விதியாகப் போடும் இடம்) டவுன்லோட் மோட் என்பதை 2 ஆக்குங்கள், அதாவது குழு முறை. கூடவே குரூப் ஐ.டி. என்ற இடத்தில் ஒரு ஜி.யு.ஐ.டி. எண்ணைக் (வேறெதோடும் ஒத்துப்போகாத நீண்ட அடையாள எண்) கொடுங்கள், பவர்ஷெல்லில் ஒரே வரியில் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரே எண் உள்ளவர்கள் ஒரே குழு. இனி எந்த லைனில் வெளியே போனாலும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒன்றே ஒன்று: பட்டர்வொர்த் கிளைக்கு அதே எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். குழு முறைக்குத் தூரம் தெரியாது. இரண்டு ஆபிஸுக்கும் இடையே வழி இருந்தால், கோலாலம்பூரில் இருக்கும் கணினி பினாங்குப் பக்கம் இருக்கும் கணினியிடம் துண்டு கேட்டு நிற்கும். அங்கே 6 கணினி, ஒரே லைன் என்றால், கிளையை இயல்பான முறையிலேயே விட்டுவிடலாம். தொடவே வேண்டாம்.

42 கணினியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற முடியாதுதான். டொமைன் (ஆபிஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்தால் ஒரு கொள்கை போதும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் எடுத்திருந்தால் அதிலேயே இன்ட்யூன் இருக்கிறது, அதே வேலையை இணையம் வழியே செய்யும் சேவை. பல ஆபிஸ்கள் மாதாமாதம் காசு கட்டிவிட்டு அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. லோ யாட் கணினிக் கடைகளில் சலுகை விலைக்கு வாங்கிய லேப்டாப்களில் ஹோம் பதிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. நீங்கள் எந்தச் சர்வர் வாங்கினாலும் அதனிடம் பேச வைக்கப் படாதபாடு படுவீர்கள். புரோவுக்கு மாற்றும் செலவை சர்வர் செலவுக்கு முன்னால் எழுதுங்கள்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 42 கணினியும் ஒரே காலையில் ஒரே பொருளைக் கேட்டால், எந்தப் பகிர்வு முறையும் ஆரம்பத்தில் தடுமாறும். யாரிடமும் இன்னும் பொருளே இல்லையே. அதனால் முன்னோடிகளை வையுங்கள். லேன் கேபிள் போட்ட மூன்று டெஸ்க்டாப்கள், செவ்வாய் இரவு அணைக்காமல் விடப்படுபவை. (லைட் பில்லைப் பற்றி யாராவது முனகினால் மாதத்தில் ஒரே இரவு என்று சொல்லுங்கள்.) இந்த மூன்றும் அப்டேட்டை உடனே வாங்கும். மீதி 39-க்கும் 7 நாள் தள்ளிப்போடுங்கள். மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை தள்ளிவைக்கக் கொள்கையிலேயே இடமிருக்கிறது. இதில் இன்னொரு லாபம்: கணக்கு மென்பொருளோ பிரிண்டரோ அந்த மாத அப்டேட்டோடு மல்லுக்கட்டினால், இ-இன்வாய்ஸ் அனுப்பும் நேரத்தில் மொத்த ஆபிஸும் மாட்டாது. மூன்று பேர் மட்டும்தான் திட்டுவார்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுவது. டெலிவரி ஆப்டிமைசேஷன் இறக்கிய துண்டுகளை இயல்பாக 3 நாள்தான் வைத்திருக்கும். முன்னோடிகள் புதன்கிழமை இறக்கியது சனிக்கிழமையோடு காலி. அடுத்த புதன் 39 கணினிகளும் கேட்கும்போது முன்னோடிகளிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. எல்லாரும் மறுபடி வெளி வாசலுக்கே ஓடுவார்கள். அதனால் சேமிப்பு வயதை 14 நாளாக்குங்கள். கொள்கையில் நொடிக் கணக்கில் கேட்கும்: 1209600. இதோடு, பின்னணி இறக்கத்தில் வெளி மூலத்துக்குப் போகும் முன் காத்திருக்கும் நேரம் என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் 3600 கொடுத்தால், கணினி முதல் ஒரு மணி நேரம் உள்ளுக்குள்ளே தேடிப் பார்த்துவிட்டுத்தான் இணையத்துக்குப் போகும். குழு எண், சேமிப்பு வயது, காத்திருப்பு, இந்த மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் பலன். தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று விட்டவர்கள் பலர்.

அப்புறம் வைஃபை. ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷன் என்ற பூட்டு போட்டிருந்தால் லேப்டாப்கள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. விருந்தினர் வைஃபையில் அது இருக்கத்தான் வேண்டும். ஊழியர் வைஃபையில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஊழியர்களே விருந்தினர் பாஸ்வேர்டில் உட்கார்ந்திருப்பதும் உண்டு, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று. வெளியிலிருந்து வாங்கிய ஆன்ட்டிவைரஸ் 7680-ஐ அடைக்கிறதா, யாராவது எந்நேரமும் வி.பி.என். போட்டுக்கொண்டே இருக்கிறார்களா என்றும் பாருங்கள், வி.பி.என். மேல் இருக்கும்போது இந்தப் பகிர்வு இயல்பாக நின்றுவிடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு உண்மை மிஞ்சும். ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் இருக்கும் இரண்டு லேப்டாப்கள் துண்டு பரிமாறினால், அந்தத் துண்டு காற்றில் இரண்டு முறை பயணம் போகிறது: ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஃபைபர் லைனை மிச்சப்படுத்திவிட்டு வைஃபையை நசுக்கியிருப்பீர்கள். ஜூம் கூட்டத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கொடுப்பவர்கள் கேபிளில் இருந்தால் பாதிச் சுமை குறையும். முன்னோடிகளுக்குக் கேபிள் போடச் சொன்னது அதற்காகத்தான். பழைய கடைவீட்டுக் கட்டடம் என்றால் அந்தக் கேபிளையும் நம்பிவிடாதீர்கள். ஸ்விட்சில் அந்த போர்ட் 1000 காட்டுகிறதா 100 காட்டுகிறதா என்று பாருங்கள். எட்டு கம்பியில் நான்கை மட்டும் முடிந்து வைத்த வேலைகளை நான் மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கம் எண்ண முடியாத அளவு பார்த்துவிட்டேன்.

மேக் ஆறும் எளிது. மேக் ஓ.எஸ். ஹை சியராவிலிருந்து, அதாவது 2017-இலிருந்து, எந்த மேக்கையும் பக்கத்துச் சேமிப்பாக்கலாம். தனி சர்வர் மென்பொருள் தேவையில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், ஷேரிங், கன்டென்ட் கேஷிங். கேபிளில் இருக்கும், தூங்காத ஒரு மேக் போதும், பழைய மேக் மினி ஒன்று இருந்தால் பிரமாதம். ஊழியர்களின் ஐபோன் அப்டேட்டும் அதன் வழியே வரும். ஆபிஸ் வைஃபையில் ஐ.ஓ.எஸ். அப்டேட் போடுபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அங்கேயும் அதே இரண்டு லைன் பிரச்சினை: ஆப்பிளும் பொது ஐ.பி.யை வைத்துத்தான் பக்கத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்கிறது. இரண்டு முகவரிகளையும் டி.என்.எஸ்.ஸில் (நெட்வொர்க்கின் பெயர்-முகவரிப் பட்டியல்) ஒரு டெக்ஸ்ட் பதிவாகச் சொல்ல வேண்டும்; என்ன எழுத வேண்டும் என்பதை அந்த அமைப்புப் பக்கமே உருவாக்கித் தரும். இதற்கு இரண்டு லைனிலும் நிலையான ஐ.பி. வேண்டும். இல்லையென்றால் மேக்குகள் ஆறையும் ரவுட்டரில் ஒரே லைனோடு கட்டிப்போடுவது சுலபம்.

"ஸ்க்விட் போட்டால் எல்லாவற்றையும் கேஷ் செய்யுமே" என்று யாராவது சொல்வார்கள். ஸ்க்விட் என்பது இணையத்துக்கும் ஆபிஸுக்கும் நடுவில் நின்று சேமிக்கும் பழைய இலவச மென்பொருள். சொல்பவர் பெரும்பாலும் என் வயதுக்காரராக இருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ்டவுனில் ஒரு ஆபிஸுக்கு நான் இதைச் செய்தேன். ஸ்க்விட் இயல்பாக 4 எம்.பி.க்கு மேற்பட்ட பொருளைச் சேமிக்காது, அதை உயர்த்தினேன். விண்டோஸ் அப்டேட் கோப்பை முழுதாகக் கேட்காது, நடுவிலிருந்து துண்டு துண்டாகக் கேட்கும். துண்டுகளைச் சேமிக்க ஸ்க்விட்டுக்குத் தெரியாது. அதனால் யார் எந்தத் துண்டைக் கேட்டாலும் முழுக் கோப்பையும் இழு என்று அமைப்பை மாற்றினேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு ஒரு கணினி ஒரு ஓரத்துண்டைக் கேட்டது, ஸ்க்விட் முழு மூட்டையையும் இழுக்கத் தொடங்கியது, இன்னொரு கணினி இன்னொரு கோப்பில் ஒரு ஓரத்தைக் கேட்டது... மதியத்துக்குள் லைன் முன்னைவிட மோசம். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தேதாரிக் குடிக்கப் போனேன். இன்று பெரும்பாலான போக்குவரத்து எச்.டி.டி.பி.எஸ். என்பதால் ஸ்க்விட்டால் உள்ளே பார்க்கவும் முடியாது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் சர்வர்கள் ஐந்தாறு இருந்தால் மட்டும் ஆப்ட்-கேஷர்-என்.ஜி. என்ற சின்ன மென்பொருளை ஒரு பழைய கணினியில் வையுங்கள். போர்ட் 3142, அமைப்பில் ஒரே வரி, மறந்துவிடலாம்.

கணினி விற்பவர் சொல்லும் சர்வருக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது டபிள்யூ.எஸ்.யூ.எஸ். ஆகத்தான் இருக்கும், அதாவது ஆபிஸுக்குள்ளிருந்து அப்டேட் வழங்கும் மைக்ரோசாஃப்டின் சர்வர் மென்பொருள். 2005-இலிருந்து இருக்கிறது, நல்ல கருவி, என் தலைமுறைக்கு அது சோறு போட்டது. ஆனால் 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதில் இனி புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. நிறுத்தவில்லை, விண்டோஸ் சர்வர் 2025-இலும் உண்டு. 2025 அக்டோபரில் அதிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிவந்து, மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் விட வேண்டியிருந்தது. அதாவது, அப்டேட் கொடுக்க வாங்கிய சர்வரை அப்டேட் செய்ய ஒருவர் ஓட வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான். மென்பொருளுக்குத் தனிக் காசு இல்லை என்றாலும் விண்டோஸ் சர்வர் உரிமம், ஆளுக்கொரு அணுக்க உரிமம், டிஸ்க், யு.பி.எஸ். எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் பழைய அப்டேட்டுகளைக் கழித்துக்கட்டாவிட்டால் அதன் தரவுத்தளம் ஊதிப்போய் நகராது. டிரைவர்கள் என்ற பெட்டியில் டிக் போட்டீர்களோ, டிஸ்க் போயே போச்சு.

அது யாருக்குப் பொருந்தும்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருப்பதுபோல இணையத்தையே தொடக்கூடாத கணினிகள் வைத்திருப்பவர்களுக்கு. எந்தக் கணினியில் எந்தத் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர்களுக்கு. உங்களிடம் இரண்டும் இல்லை. நாளைக்கே 200 கணினி, மூன்று மாடி, விண்டோஸ் என்டர்பிரைஸ் உரிமம் என்று வளர்ந்தால், மைக்ரோசாஃப்டின் கனெக்டட் கேஷ் என்று ஒன்று இருக்கிறது: டெலிவரி ஆப்டிமைசேஷனோடு சேர்ந்து ஓடும் உண்மையான சேமிப்பு சர்வர், லினக்ஸிலும் ஓடும். அப்போது பேசுவோம்.

வளரும் ஆபிஸில் மாதாந்திர அப்டேட்டைவிட அதிகம் இழுப்பது புதுக் கணினிகள்தான், இதை யாரும் எண்ணுவதில்லை. பெட்டியில் வந்த லேப்டாப் பல மாதம் பழைய விண்டோஸோடு வரும். மாத அப்டேட், டிரைவர், ஆபிஸ் செயலிகள், ஒன்ட்ரைவில் இருக்கும் ஆளின் கோப்புகள், எல்லாம் முதல் நாளே. பத்து லேப்டாப்பை ஒரே காலையில் திறந்தால் உங்கள் புதன்கிழமை எந்தக் கிழமையிலும் வரும். பெட்டியைத் திறந்ததும் அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் டொமைனிலோ இன்ட்யூனிலோ சேர்த்து, குழுக் கொள்கை இறங்கியதைப் பார்த்துவிட்டு, கேபிளில் ஒரே ஒரு லேப்டாப்பை முழுதாக முடியுங்கள். மற்ற ஒன்பதையும் அதன் பக்கத்தில் கேபிளில் போடுங்கள். விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினி எங்காவது மூலையில் இருந்தால் (2025 அக்டோபர் 14-ஓடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது), 11-க்கு மாற்ற ஒரு பென்டிரைவில் நிறுவல் கோப்பை வைத்துக்கொண்டு நடந்தே போய்விடுங்கள்.

ரீஸ்டார்ட் நேரத்துக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் நம் ஆபிஸ்கள் பாதி காற்றாடும், மீதிப் பேர் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் மாதிரி உங்களுக்கு வேறு நேரம் கிடைக்காது. போகும்போது மூடியைச் சாத்தாமல், சார்ஜர் செருகி விட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஆக இப்போதைக்கு: குழு எண், 14 நாள், ஒரு மணி நேரக் காத்திருப்பு, கேபிளில் மூன்று முன்னோடிகள், மேக்குக்கு ஒரு மேக். அடுத்த மாதம் 39 கணினிகளும் வாங்கி முடித்த அந்த வெள்ளிக்கிழமை, முன்பு பார்த்த அதே ஐந்து கணினிகளில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உள் நெட்வொர்க் எண் இன்னும் பூஜ்யமாக இருந்தால், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றின் 7680-ஐத் தட்டிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் ஆன்ட்டிவைரஸ் அல்லது ஐசொலேஷன். திறக்கிறது, ஆனால் எண் ஏறவில்லை என்றால் அந்த ஐந்திலும் குழு எண் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு இடைவெளியால் எனக்கு ஒருமுறை இரண்டு நாள் போனது.